டெக்சாஸ் வீட்டு வரி புரோடெஸ்ட்: நாமே போவதா, கம்பெனியிடம் விடுவதா?

ஏப்ரல் பிறந்ததும் டாலஸ் பக்கத் தமிழ் வாட்ஸாப் குழுக்களுக்குத் தீபாவளிக்குக்கூட வராத சுறுசுறுப்பு வந்துவிடும். "உங்களுக்கு எவ்வளவு போட்டிருக்கான்?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். இன்னொருவர் தன் அப்ரைசல் நோட்டீஸை, அதாவது வரிக்காக வீட்டுக்குப் போட்ட மதிப்பைச் சொல்லும் கடிதத்தை, படம் பிடித்துப் போடுவார். பத்து நிமிடத்துக்குள் மூன்றாமவர், "எந்த புரோடெஸ்ட் கம்பெனி நல்லது?" என்று கேட்டிருப்பார். அந்த மதிப்பு அதிகம் என்று நமக்காக முறையிடும் கம்பெனியைத்தான் சொல்கிறார். அதன்பிறகு ஆளுக்கொரு ரெஃபரல் லிங்க்.

எனக்கு அந்த மூன்றாவது கேள்விதான் உறுத்தும். யாரை அனுப்புவது என்று யோசிக்கும் முன், இந்த வருஷம் சண்டைக்குப் போனால் ஏதாவது தேறுமா என்று பார்க்க வேண்டாமா? அதற்கான பதில் அந்த நோட்டீஸிலேயே இருக்கிறது. பெரும்பாலானவர்கள் மேலே உள்ள பெரிய எண்ணைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கீழே உள்ள சின்ன எண்ணைப் படிப்பதே இல்லை.

நோட்டீஸில் இரண்டு மதிப்புகள் இருக்கும். ஒன்று, ஜனவரி 1 அன்று உங்கள் வீடு சந்தையில் என்ன விலை போயிருக்கும் என்று மாவட்ட அப்ரைசல் அலுவலகம் கணித்தது. இன்னொன்று, உண்மையில் வரி போடப்படும் மதிப்பு. குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் வரிச் சலுகையைப் பதிவு செய்திருந்தால், இந்த இரண்டாவது எண் போன வருஷத்து எண்ணைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. புதிதாக அறை, நீச்சல் குளம் என்று கட்டியிருந்தால் அது மட்டும் தனிக் கணக்கு.

உதாரணத்துக்கு, போன வருஷம் வரிக்குரிய மதிப்பு 480,000 டாலர். இந்த வருஷச் சந்தை மதிப்பு 585,000 என்று போட்டிருக்கிறார்கள். உச்சவரம்புப்படி வரி 528,000-க்குத்தான். நீங்கள் மெனக்கெட்டுப் போராடி சந்தை மதிப்பை 550,000-க்கு இறக்கினாலும் வரி ஒரு டாலர்கூடக் குறையாது. 528,000-க்குக் கீழே கொண்டுவந்தால்தான் லாபம். அதாவது 57,000 டாலர் இறக்கிய பிறகுதான் முதல் பைசா. அந்த அளவுக்கு ஆதாரம் இல்லையென்றால் இந்த வருஷம் சும்மா இருப்பதே மேல். "சும்மா இருப்பது" என்பதும் ஒரு வழிதான், யாரும் அதைப் பரிந்துரைப்பதில்லை, அவ்வளவுதான். அதற்கு ரெஃபரல் போனஸ் கிடையாதே.

இந்த உச்சவரம்புதான் இன்னொரு புலம்பலுக்கும் காரணம். "மார்க்கெட் இறங்கியிருக்கு, வரி மட்டும் ஏன் ஏறுது?" என்பார்கள். 2022-ல் சந்தை மதிப்பு எகிறியபோது வரிக்குரிய மதிப்பு 10 சதவீதக் கயிற்றால் கட்டப்பட்டுப் பின்தங்கி நின்றது. அது இப்போது வருஷா வருஷம் நடந்து வந்து மேலே உள்ளதை எட்டிப் பிடிக்கிறது. சட்டப்படி அது சரியே. அதைக் காட்டி புரோடெஸ்டில் ஜெயிக்க முடியாது.

சரி, யார் கட்டாயம் சண்டைக்குப் போக வேண்டும்? வீடு வாங்கி ஹோம்ஸ்டெட் பதிந்த முதல் வருஷத்துக்காரர்கள். 10 சதவீத வரம்பு அதற்கு அடுத்த வருஷத்திலிருந்துதான் அமலுக்கு வரும். முதல் வருஷம் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம், அந்த எண்தான் பின்னால் வரும் வருஷங்களுக்கு அஸ்திவாரம். 600,000 என்று போட்டதை 560,000 ஆக்கிவிட்டால், மொத்த வரி விகிதம் 2 சதவீதம் என்று வைத்தால், இந்த வருஷம் 800 டாலர் மிச்சம். அடுத்த வருஷ உச்சவரம்பு 660,000-க்குப் பதில் 616,000. சந்தை தொடர்ந்து ஏறினால் அந்த இடைவெளி கூடிக்கொண்டே போகும். இந்த ஒரு வருஷத்தை மட்டும் யாரிடமும் விடாதீர்கள் என்பேன். புது வீடு வாங்கிய களைப்பில், பெட்டிகூடப் பிரிக்காத நிலையில், நிறையப் பேர் நழுவவிடுவதும் இந்த வருஷத்தைத்தான்.

பில்டரிடம் புது வீடு வாங்கியவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி உண்டு. ஜனவரி 1 அன்று வெறும் மனையாக இருந்திருந்தால் அந்த வருஷ வரி மனைக்கு மட்டும் வந்திருக்கும். அடுத்த வருஷம் முழு வீட்டுக்கும் வரும். வரிக்காக வங்கி மாதாமாதம் பிடித்து வைக்கும் எஸ்க்ரோவில் பற்றாக்குறை, மாதத் தவணை திடீரென்று சில நூறு டாலர் ஏறும். அது தப்பு மதிப்பீடு இல்லை. ஆனால் அந்த முழு வீட்டு மதிப்பு உங்கள் கொள்முதல் விலையைவிட அதிகமாக இருந்தால், அதுதான் புரோடெஸ்ட்.

வழிகளுக்கு வருவோம். முதல் வழி, அப்ரைசல் அலுவலகத்தின் இணையதளத்தில் நாமே பதிவு செய்து, அவர்கள் காட்டும் சமரசத் தொகையை, அதாவது குறைத்த மதிப்பை, ஏற்பது. கடைசி நாள் பொதுவாக மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய 30-வது நாள், எது பின்னாலோ அது. பதியும்போது இரண்டு பெட்டிகள் முக்கியம்: 'சந்தை மதிப்பைவிட அதிகம்' என்பது ஒன்று, 'மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால் சமமில்லை' என்பது மற்றொன்று. இரண்டையும் டிக் செய்யுங்கள். டிக் செய்யாத காரணத்தைப் பின்னால் பேசவிட மாட்டார்கள்.

சில மாவட்டங்களில் ஆதாரத்தை ஏற்றிய சில நாளில் ஒரு தொகை திரையில் வரும். அலுவலகம் போகாமல், லீவு போடாமல், நைட்டியோடோ லுங்கியோடோ உட்கார்ந்து 'ஏற்கிறேன்' என்று அழுத்திவிடலாம். அழுத்தினால் கதை முடிந்தது. பிறகு அந்த வருஷத்துக்கு மேல்முறையீடு கிடையாது. என்னைப் பொறுத்தவரை முதல் தொகை பேரத்தின் ஆரம்பம்தான். ரங்கநாதன் தெருவில் கடைக்காரர் சொல்லும் முதல் விலையை நாம் என்ன செய்வோம்?

இரண்டாவது வழி, மறுஆய்வு வாரியத்தின் முன் நாமே போய் நிற்பது. ஏஆர்பி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 'வாரியம்', 'ஹியரிங்', 'சத்தியப் பிரமாணம்' என்ற சொற்களைக் கேட்டே பாதிப் பேர் கம்பெனிக்கு ஓடுகிறார்கள். நேரில் பார்த்தால் அது ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அதே மாவட்டத்தில் குடியிருப்பவர்கள், அப்ரைசல் அலுவலக ஊழியர்கள் இல்லை, நாள் கூலிக்கு வருபவர்கள். என் ஹியரிங்கில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் மாதிரி இருந்தார், நான் கொடுத்த தாளில் கூட்டல் சரியா என்று பென்சிலால் போட்டுப் பார்த்தார். பக்கத்தில் அலுவலகத்தின் மதிப்பீட்டாளர். அவர் கையில் உங்கள் வீட்டைப் பற்றிய கட்டு. மொத்தம் பதினைந்து நிமிடம் இருக்கும். முடிவை அங்கேயே, உங்கள் எதிரிலேயே பேசிச் சொல்லிவிடுவார்கள். உத்தரவு பின்னால் வரும்.

பயத்தைப் போக்க இரண்டு விஷயம். நோட்டீஸில் போட்ட மதிப்பைவிட வாரியம் ஏற்ற முடியாது. 2019-ல் வந்த சட்டத் திருத்தம் அதைத் தடுத்துவிட்டது. "போய் வம்பை விலைக்கு வாங்காதே" என்று சொல்லும் மாமாக்களிடம் இதைச் சொல்லுங்கள். அடுத்தது, மதிப்பு சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலகத்துக்குத்தான். முந்தைய வருஷம் நீங்கள் வாதாடி வாரியம் குறைத்திருந்தால், இந்த வருஷம் அதை மறுபடி ஏற்ற இன்னும் வலுவான ஆதாரம் காட்ட வேண்டியதும் அவர்களே.

நேரம் ஒத்துவராது என்பதும் பெரிய சாக்கு இல்லை. மாலையிலோ சனிக்கிழமையிலோ ஹியரிங் வைக்க வாரியத்துக்குச் சட்டக் கடமை உண்டு. போனிலும் பேசலாம், ஆதாரத்தை மட்டும் முன்கூட்டியே உறுதிமொழிப் பத்திரத்தோடு அனுப்ப வேண்டும். ஏஜென்ட் வைக்காதவர், காரணமே சொல்லாமல் ஒருமுறை தேதியைத் தள்ளிக் கேட்கலாம்.

இங்கே உழைப்பு எல்லாம் ஆதாரம் சேர்ப்பதில்தான். டெக்சாஸில் வீடு விற்ற விலையைப் பதிவேட்டில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஊரில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எடுப்பதுபோல் விலையை எடுத்துவிட முடியாது. ரியல்டர்களின் எம்எல்எஸ் பட்டியலில் மட்டும் இருக்கும். உங்களுக்கு வீடு வாங்கித் தந்த ரியல்டரிடம், போன அக்டோபரிலிருந்து ஜனவரிவரை உங்கள் காலனியில் விற்ற வீடுகளின் பட்டியல் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். அப்புறம், நீங்களே சமீபத்தில் நோட்டீஸ் மதிப்பைவிடக் குறைத்து வாங்கியிருந்தால் வாங்கி முடித்தபோது விலையோடு கையெழுத்தான குளோசிங் தாள் ஒன்றே பாதி வழக்கை ஜெயித்துத் தரும். கூடுதலாக வாங்கியிருந்தால் அந்தத் தாளைக் காட்டச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பேசாமல் இருந்துவிடலாம்.

விலைப் பட்டியலே கிடைக்காதவர்களுக்கு 'சமமில்லை' என்ற வாதம் கைகொடுக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் என்ன மதிப்பு போட்டிருக்கிறார்கள் என்பது அலுவலகத்தின் தளத்திலேயே திறந்து கிடக்கிறது. அதே பில்டர், அதே பிளான், ஏறக்குறைய அதே வருஷம், அதே சதுரடி என்று எட்டுப் பத்து வீடுகளை எடுத்து, வித்தியாசங்களுக்குக் கூட்டிக் கழித்து, நடுவில் வரும் எண்ணைக் காட்டினால் போதும். அதில் நம்மவர்கள் அடிக்கடி செய்யும் தப்பு ஒன்று: பக்கத்து வீட்டுக்காரரின் உச்சவரம்புக்கு உட்பட்ட மதிப்பை எடுத்து வந்து, "அவருக்கு 430, எனக்கு 570-ஆ?" என்று வாதாடுவது. வாரியம் சிரிக்காது, ஆனால் கேட்கவும் செய்யாது. ஒப்பிட வேண்டியது அவரது சந்தை மதிப்பை.

அப்புறம் வீட்டின் நிலைமை. டாலஸ் பக்கத்துக் களிமண் வெயிலில் சுருங்கி மழையில் ஊதும். அஸ்திவாரம் அசையும், கதவுக்கு மேல் மூலையில் கோணலாக விரிசல் விழும். நான் அந்த விரிசலில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகிப் படம் எடுத்தேன். கால் டாலரை வைத்திருக்கலாம், கையில் கிடைத்தது அதுதான். கூடவே அஸ்திவாரம் சரிசெய்யும் ஒருவரிடம் எழுத்தில் வாங்கிய குவோட். படத்தைவிட அந்தக் குவோட்டுக்குத்தான் மரியாதை கிடைத்தது. ஆலங்கட்டி மழையில் கூரை போனதைச் சிலர் எடுத்துப் போகிறார்கள். ஏப்ரலில் விழுந்த ஆலங்கட்டிக்கு அங்கே மதிப்பில்லை. கணக்கு ஜனவரி 1 அன்று வீடு எப்படி இருந்தது என்பதுதான்.

வேலை போனதும், வரி தாங்க முடியாததும் வாரியத்தின் காதில் ஏறாது. வரி விகிதத்தைப் பள்ளி மாவட்டமும் நகராட்சியும் கவுண்டியும் முடிவு செய்கின்றன. வாரியம் பார்ப்பது மதிப்பை மட்டுமே. கிழக்குப் பார்த்த வீடு என்று பில்டரிடம் கூடுதலாகக் கொடுத்தோமே, அதற்கும் அலுவலகத்தின் அட்டவணையில் கட்டம் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் வாஸ்து நமக்கு வரி மிச்சம் பண்ணித் தருகிறது.

ஹியரிங் தேதி வந்ததும், உங்கள் வீட்டைப் பற்றி அலுவலகம் காட்டப்போகும் ஆதாரக் கட்டைக் கேட்டு வாங்குங்கள். ஹெச்பி 201 கட்டு என்பார்கள். 14 நாள் முன்னதாகத் தர வேண்டும். கேட்டும் தராததை ஹியரிங்கில் அவர்கள் பயன்படுத்தக் கூடாது. என் கட்டில் என் வீட்டுக்கு இல்லாத ஒரு குளியலறை இருந்தது. நான் என்னவெல்லாமோ தயார் செய்து போனேன், முதல் இரண்டு நிமிடத்தில் வேலை செய்தது அந்தக் குளியலறைதான்.

மூன்றாவது வழி, கம்பெனி. பெரும்பாலும் முன்பணம் இல்லை. மிச்சமான வரியில் கால் பங்கிலிருந்து பாதிவரை அவர்களுக்கு. ஒன்றும் குறையாவிட்டால் ஒன்றும் தர வேண்டாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான் ஹியரிங்குக்குப் போன வருஷம் எனக்குப் போட்டது 572,000. திரையில் வந்த தொகை 561,000. மறுத்து வாரியத்துக்குப் போனேன், 538,000 ஆனது. எங்கள் பகுதி மொத்த விகிதம் சுமார் 2.1 சதவீதம். முதல் தொகையை ஏற்றிருந்தால் 231 டாலர், வாரியத்தில் கிடைத்தது 714 டாலர். இரண்டு சனிக்கிழமை இரவுகளும் ஒரு முற்பகலும் செலவு. அதே தெருவில் இருக்கும் நண்பர் கம்பெனியிடம் விட்டார். 15,000 குறைந்தது, அதாவது 315 டாலர். 40 சதவீதம் போக அவர் கையில் 189. அவர் அதற்காக ஒரு விரலையும் அசைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்கு அந்தப் பேரம் திருப்திதான்.

கம்பெனிகள் ஆயிரக்கணக்கான வீடுகளை மொத்தமாகக் கையாள்பவை. பட்டியல் எடுப்பது, சமமின்மைக் கணக்கு போடுவது இதெல்லாம் அவர்களுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் உங்கள் விரிசலும் இல்லாத குளியலறையும் நீங்கள் சொன்னால் ஒழிய அவர்களுக்குத் தெரியாது, பல பேர் கேட்பதும் இல்லை. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது இரண்டு இடம். கட்டணம் வரியில் மிச்சமானதற்கா, சந்தை மதிப்பில் குறைந்ததற்கா? மேலே சொன்ன 585,000 உதாரணத்தில் 35,000 குறைத்துவிட்டு, வரி குறையாத உங்களிடமே பில் நீட்டினால் என்ன ஆகும்? வரியில் மிச்சம் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இன்னொன்று, ஏஜென்ட் நியமனப் படிவம். 50-162 என்ற எண் போட்டது. அதில் முடியும் தேதி எழுதாவிட்டால் நீங்கள் ரத்து செய்யும்வரை அது உயிரோடு இருக்கும். அடுத்த வருஷம் நீங்களே போகலாம் என்று நினைத்தால், கடிதங்கள் எல்லாம் அவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

யாருக்குக் கம்பெனி சரி? வாடகைக்கு விட்ட வீடு உள்ளவர்களுக்கு. அதற்கு ஹோம்ஸ்டெட் இல்லை, 10 சதவீத வரம்பும் இல்லை. 2024 முதல் 2026 வரை சுமார் 50 லட்சம் டாலருக்கு உட்பட்ட சொத்துக்கு 20 சதவீத வரம்பு வைத்தார்கள், அது தளர்ந்த கயிறு. சந்தை மதிப்பில் குறைவது பெரும்பாலும் நேராக வரியில் குறையும். வீடு ஹூஸ்டனில், நீங்கள் சியாட்டிலில் என்றால் ஓடி ஓடிப் போக முடியாது. குடியிருக்கும் வீட்டுக்கு, கைக்குழந்தையோ இரவு ஷிஃப்டோ இருந்து, கம்பெனி இல்லாவிட்டால் செய்யவே மாட்டேன் என்பவருக்கும் அது பரவாயில்லை. 189 டாலர் பூஜ்யத்தைவிடப் பெரியது.

வாரியத்திலும் சரிப்படவில்லையென்றால் அதற்கு மேலும் படி உண்டு. உத்தரவு கையில் கிடைத்து 60 நாளுக்குள் நடுவர் தீர்ப்புக்குப் போகலாம். குடியிருக்கும் வீடு 500,000 டாலர் வரை என்றால் 450 டாலர், அதற்கு மேல் 500 டாலர் டெபாசிட். இங்கே ஒரு நுணுக்கம்: விண்ணப்பத்தில் உங்கள் வீடு எவ்வளவு பெறும் என்று நீங்கள் ஓர் எண் எழுத வேண்டும். நடுவர் சொல்லும் மதிப்பு, வாரியம் சொன்னதைவிட உங்கள் எண்ணுக்கு அருகில் இருந்தால் டெபாசிட்டில் 50 டாலர் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார்கள். இல்லையென்றால் டெபாசிட் போச்சு. ஆசைப்பட்டு அடிமாட்டு விலை எழுதினால் நாமே குழி வெட்டிக்கொள்கிறோம். மாவட்ட நீதிமன்றமும் இருக்கிறது. வக்கீல் கட்டணத்தைப் பார்த்தால் சாதாரண வீட்டுக்கு அது வழியே இல்லை. எந்தப் படியில் நின்றாலும் ஜனவரி 31-க்குள் சர்ச்சையில் இல்லாத பகுதி வரியையாவது கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முறையீடே விழுந்துவிடும்.

ஹோம்ஸ்டெட் சலுகையையும் புரோடெஸ்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சலுகைக்கு யாருடனும் சண்டை வேண்டாம். டிரைவர் லைசன்ஸில் முகவரியை மாற்றிவிட்டு, இலவசப் படிவத்தை ஒருமுறை கொடுத்தால் போதும். பள்ளி வரிக்காக வீட்டு மதிப்பில் கழியும் தொகை 2023-ல் 100,000 டாலர் ஆனது, 2025-ல் 140,000. இதைச் செய்து தர 50 டாலர் கேட்டு வரும் கடிதங்களைக் குப்பையில் போடுங்கள்.

இந்த வருஷம் நான் என்ன செய்தேன்? குடியிருக்கும் வீட்டின் சந்தை மதிப்புக்கும் வரிக்குரிய மதிப்புக்கும் நடுவில் 40,000 டாலருக்கு மேல் இடைவெளி. பதியவே இல்லை. தம்பி வாங்கிய புது வீட்டுக்கு அவனை உட்கார வைத்து பில்டரின் குளோசிங் தாளையும் ஒன்பது வீடுகளின் பட்டியலையும் ஏற்றினோம். திரையில் முதல் தொகை வந்திருக்கிறது. அவன் மனைவி, "ஏத்துக்கலாமே, எதுக்கு அலையணும்?" என்கிறாள். ஹியரிங் ஜூன் கடைசியில், ஒரு சனிக்கிழமை. கட்டு இன்னும் வரவில்லை.